மெட்டி சொன்ன பெட்டைகள்

விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து, ஆட்கள் பால் வெட்ட ரப்பர் காட்டுக்குள் போன பிறகு, துரை பங்களாவுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கோழிக்கொட்டகையின் முன் அன்று இருந்தவர்கள்:

ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி தியாகராஜா, நாற்காலியில்.
கங்காணி சின்னையா, நாற்காலிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு.
குஞ்சு பார்க்கிற மாயாண்டி, தரையில், புண் காலை நீட்டிக்கொண்டு.
அவன் பெண்டாட்டி இருளாயி, ஒரு காலில் மெட்டி இல்லாமல்.
கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து ராக்காயி, அடைகாத்த கோழிகளில் பாதி அவளுடையவை என்பதால்.
பொரித்து ஒரு நாள் ஆன வெள்ளைக்காரக் குஞ்சுகள், இரண்டு கூடை நிறைய.

துரை வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தார் என்று கங்காணி பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தான். துரை அப்படியெல்லாம் நின்று பார்க்கிற ஆள் இல்லை.

இத்தனை பேர் கூடியது, எது சேவல் எது பெட்டை என்று தெரிந்துகொள்ள.

தெரிந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டவர் துரைதான். பத்து காஜா என்கிற ஊரில் இருக்கும் இன்னொரு துரையிடமிருந்து மரத்தூள் நிரப்பிய பெட்டியில் முட்டைகள் வாங்கி வந்தார். ஓயாமல் முட்டையிடும் ஜாதியாம். உடம்பு முழுக்க வெள்ளை. அடைகாக்கக் கோழி இல்லாததால் லயத்துக் கோழிகளை இரவல் வாங்கி உட்கார வைத்தார்கள். இதெல்லாம் சீமையிலிருந்து திரும்பி வரப்போகும் துரைசானிக்காக. துரைசானிக்குத் தினமும் முட்டை வேண்டும். ஆனால் சேவல் சத்தம் ஆகாது. போன தடவை வந்தபோது பங்களாச் சமையற்காரன் வளர்த்த சேவல் ஒன்று விடியுமுன்னே கூவித் தொலைத்தது. அவள் தலைவலி என்று படுத்தவள், எழுந்து நேராகக் கப்பலுக்குப் போனாள். சமையற்காரனும் போனான், சேவலும் போனது, வேறு வேறு வழியாக.

அதனால் இந்தத் தடவை துரை கிராணியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். பங்களாவுக்குப் பெட்டைகள் மட்டும். சேவல்களைக் குஞ்சிலேயே பிரித்து, அடைகாத்த கூலியாக லயத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். லயம் மேட்டுக்கு அந்தப்புறம். அங்கே எது கூவினாலும் இங்கே கேட்காது. கொட்டகையிலிருந்து ஒரு சேவல் கூவினால், கோழி பார்க்கிறவன் ஊருக்குக் கப்பலேறுவான்.

கொஞ்சம் வளரட்டும், தானே தெரிந்துவிடுமே என்று யாரும் சொல்லவில்லை. துரை குஞ்சிலேயே என்றார். கிராணி 'யெஸ்' என்றார். கங்காணி ஆள் இருக்கிறான் என்றான். மாயாண்டி முடியும் என்றான்.

மாயாண்டிக்கு லயத்தில் அந்தப் பெயர் உண்டு. மெட்டியைத் தலைமுடியில் கட்டிக் குஞ்சின் முதுகுக்கு மேலே தொங்கவிடுவான். முன்னும் பின்னும் ஆடினால் சேவல், வட்டம் போட்டால் பெட்டை. மெட்டி புருஷனோடு வாழ்கிற பெண்ணின் காலில் கிடந்ததாக இருக்க வேண்டும், முடியும் அவளுடையதாகவே இருக்க வேண்டும். மீதியை லயத்துச் சாமி முனியாண்டி பார்த்துக்கொள்வார். பல வருஷமாக இப்படித்தான் பார்த்துவந்தான். அவன் சொன்னது பாதிக்குப் பாதி பலித்தது. பலித்தவற்றைப் பற்றி ஜனங்கள் பேசினார்கள். பலிக்காதவற்றைக் குழம்பு வைத்துவிட்டார்கள். குழம்பான கோழியைப் பற்றி யார் பேசுவார்கள்? பெயர் வளர்ந்தது.

அந்தப் பெயர் இப்போது அவனுக்கு வேண்டியிருந்தது. ரப்பர் காட்டில் ஏதோ குத்திக் காலில் வந்த புண் ஆறவே இல்லை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற முடியாது. வேலைக்கு ஆகாதவன் என்று ஆஸ்பத்திரி டிரசர் சொல்லியாயிற்று. வேலைக்கு ஆகாதவனைத் தோட்டம் கப்பலேற்றி விடும். ஊரில் அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாள். இருளாயி அல்ல, வேறு ஒருத்தி. அவளுக்கு மூன்று அண்ணன்மார். அந்த மூன்று பேரையும் நினைத்தால் மாயாண்டிக்கு இந்த மலாயாவின் மழையும் அட்டையும் சொர்க்கமாகத் தெரியும். கோழிக்கொட்டகையில் உட்கார்ந்த வேலை கிடைக்கும் என்று கங்காணி சொன்னபோது, குஞ்சுக்கு ஆண் பெண் பார்ப்பது என்ன, முட்டைக்கே பார்த்துச் சொல்வேன் என்றான்.

"ஏய்யா, நீ உசுரோட இருக்கிறப்பவே என் மெட்டியக் கழட்ட வைக்கிற. நல்லாவா இருக்கு?" என்றாள் இருளாயி.

"சும்மா இரு புள்ள. பேசினா கை ஆடுது."

"கை ஆடுதுன்னு நீயே சொல்ற. அப்ப மெட்டி எங்க ஆடுது?"

மாயாண்டி கூடைக்குள் கைவிட்டான். முதல் குஞ்சை இடது உள்ளங்கையில் வைத்து மெட்டியைப் பிடித்தான். அது கொஞ்சம் யோசித்துவிட்டு வட்டம் போட்டது.

"பெட்ட."

கிராணி தியாகராஜா சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கோழி வளர்ப்புப் பற்றி ஓர் இங்கிலீஷ் சஞ்சிகையைத் தபாலில் தருவித்து மடியில் வைத்திருந்தார்.

"கொஞ்சம் பொறு. காலில தலைகீழாத் தூக்கிப் பிடிச்சால், பேடு எண்டால் தலையை நிமிர்த்துமாம். சேவல் எண்டால் தொங்குமாம். இதில போட்டிருக்கு" என்று குஞ்சை வாங்கித் தூக்கினார். அது தலையை நிமிர்த்தியது. இரண்டாவது குஞ்சுக்கு மெட்டி முன்னும் பின்னும் ஆடியது. கிராணி தூக்கினார், தொங்கியது. மூன்றாவதும் ஒத்துப்போயிற்று. நான்காவது குஞ்சு அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் எச்சமிட்டது. பரிசோதனை அத்தோடு முடிந்தது. மெட்டி முறையும் விஞ்ஞான முறையும் ஒன்றே என்று அவர் அன்று மாலையே துரையிடம் சொன்னார்.

கங்காணி சின்னையாவுக்கு விஞ்ஞானம் பற்றிக் கவலை இல்லை. சேவல் என்று சொல்லப்படுகிறவை லயத்துக்கு வரும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது. கூடையிலிருந்து துறுதுறுவென்று ஒரு குஞ்சு கைக்கு வரும்போதெல்லாம் தொண்டையைச் செருமினான்.

"துள்ளுது பாரு, டேய் மாயாண்டி. இது நம்ம சாமிக்கு."

"என் கோழி அடகாத்த குஞ்சு அது. சாமிக்குன்னாலும் என் வீட்டுலதான் வளரும்" என்றாள் ராக்காயி.

"வளத்துக்க. ஆனா திருவிழாவுக்கு முன்னாடி எவளாச்சும் வித்தா, குழம்பு வச்சா, அப்பறம் முனியாண்டிகிட்ட பேசிக்கட்டும். லயத்துக்கு வாரது எல்லாம் நேந்து விட்டது."

செருமல் கேட்ட குஞ்சுகளுக்கெல்லாம் மெட்டி முன்னும் பின்னும் ஆடியது. மாயாண்டி தானாக ஆட்டவில்லை. அவனைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான், பொய்யும் இல்லை. நல்ல குஞ்சு சேவலாகத்தான் இருக்கும் என்று மனதில் தோன்றியது. தோன்றியது மெட்டிக்கும் தெரிந்துவிட்டது. சோப்ளாங்கிகள் எல்லாம் பெட்டைகள் ஆகிப் பங்களாவுக்குச் சேர்ந்தன.

வெள்ளைக் குஞ்சுகள் வளர்ந்தன. சோப்ளாங்கிகளும் துரை வீட்டுத் தீனியில் தேறின. எல்லாம் ஒரே வெள்ளை. ஆனால் கொஞ்ச நாளில் கொட்டகைப் பெட்டைகளில் சிலவற்றின் தலையில் சிவப்பாக ஒன்று கிளம்பியது. நாட்டுக்கோழியாக இருந்தால் அதைப் பார்த்ததுமே பிறந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். மாயாண்டி இரண்டு நாள் பொறுத்துவிட்டுக் கிராணியிடம் போனான்.

"ஐயா, கொண்டை கொஞ்சம் பெரிசா இருக்கு."

கிராணி சஞ்சிகையைப் புரட்டினார். "இந்தச் சாதியில பேட்டுக்கும் கொண்டை பெரிசாத்தான் இருக்கும் எண்டு போட்டிருக்கு. பயப்பிடாதை."

போட்டிருந்தது உண்மைதான். அந்த ஜாதியில் பெட்டைக்கும் பெரிய கொண்டை உண்டு. அந்த ஒரு வரி உண்மையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தார்கள். வால் வளைந்து தொங்கியபோது, வெள்ளைக்காரக் கோழிக்கு வால் அப்படித்தான் என்று மாயாண்டியே தனக்குச் சொல்லிக்கொண்டான். இரண்டு பெட்டைகள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றையொன்று கொத்தியபோது, பெட்டைகளும் சண்டை போடும், இருளாயியும் ராக்காயியும் போடவில்லையா என்று நினைத்துக்கொண்டான்.

இதற்கிடையில் துரை ஈப்போ கிளப்பில் உட்கார்ந்து, தன் தோட்டத்தில் ஒரு கூலி ஒரு நாள் குஞ்சைப் பார்த்து ஆண் பெண் சொல்கிறான் என்று மற்ற துரைமாரிடம் பெருமை அடித்துவிட்டார். அதைக் கிராணி வந்து சொன்னபோது மாயாண்டிக்குப் பெருமையாகவும் இருந்தது, கொண்டைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கவும் தோன்றியது.

ஒரு விடியலில், அவன் புண்ணுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, கொட்டகைக்குள் கவிழ்த்து வைத்த தொட்டியின் மேல் ஒரு பெட்டை ஏறி நின்றது. கழுத்தை நீட்டியது. துருப்பிடித்த கீலைத் திறந்ததுபோல் ஒரு சத்தம் போட்டது. மாயாண்டி சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. தொண்டையில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, மிளகும் சின்ன வெங்காயமும் இடித்து உருட்டி அதன் வாயில் போட்டான். மறுநாள் தொண்டை நன்றாகத் திறந்துகொண்டது. கணீர் என்று கூவியது. இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு பெட்டை பதில் சொன்னது. துரை தூங்கினால் இடி விழுந்தாலும் எழ மாட்டார், துரைசானி அப்படி இல்லை.

துரைசானி ஏறின கப்பல் அந்நேரம் பினாங்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

மாயாண்டி நொண்டிக்கொண்டே மேடு ஏறி இறங்கி லயத்துக்குப் போனான். அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. மெட்டி இங்கே தப்பு என்றால் அங்கேயும் தப்பாகத்தானே இருக்க வேண்டும்? பங்களாவில் சேவல் இருந்தால் லயத்தில் பெட்டை இருக்கும். இரண்டும் ஒரே வெள்ளை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ராக்காயி வீட்டு வாசலில் பழைய பால் வாளி ஒன்றைச் சாய்த்து வைத்து உள்ளே வைக்கோல் பரப்பியிருந்தது. வெள்ளைக் கோழி ஒன்று அதற்குள் உட்கார்ந்து, வந்தவனை முறைத்தது.

"என்னக்கா இது, வாளிக்குள்ள?"

"சேவலு" என்றாள் ராக்காயி, அரிசி புடைப்பதை நிறுத்தாமல்.

"சேவலு வாளிக்குள்ள என்ன செய்யுது?"

"உக்காந்திருக்கு. காலையிலேர்ந்து நின்னுச்சு, கால் வலிக்காதா."

"அடியில முட்ட தெரியுதுக்கா."

"என் பழைய கோழி போட்டது. இது காவலுக்கு இருக்கு. நல்ல குணமான சேவலு, தம்பி. உன் கை ராசி."

முட்டை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருந்தது. லயத்து நாட்டுக்கோழி எதுவும் அப்படி முட்டையிட்டதை மாயாண்டி பார்த்ததில்லை. அவன் குந்தி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, சுத்தி வளைக்க வேணாம். இதக் குடுங்க. பங்களாவுலேர்ந்து நல்ல சேவலா ஒண்ணு கொண்டாந்து தாரேன். கொழுத்தது."

புடைத்த முறம் நின்றது. "பங்களாவுல ஏது சேவலு? அது எல்லாம் பெட்டைன்னு நீதானே சொன்ன? கிராணி ஐயாகூடத் தலைகீழாப் புடிச்சுப் பாத்தாரே."

மாயாண்டி பக்கத்து வாசல்களில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"அப்ப மெட்டி பொய் சொல்லிருச்சுங்கிறியா? சொல்லு, லயம் பூரா போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"சொல்லலல்ல. அப்ப இது சேவலு. கங்காணி வாயால முனியாண்டிக்கு நேந்து விட்ட சேவலு. சாமி சொத்த நான் எப்படி மாத்திக் குடுக்கிறது? சாமி கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"சாமிக்குப் பெட்ட ஆகாதுக்கா. திருவிழா அன்னைக்கு என்ன செய்வீங்க?"

"ஆகாதுதான்" என்றாள் அவள் வருத்தமாக. "பூசாரி பாத்தா வெட்ட மாட்டாரு. பெட்டையா இருக்கிறதால வெட்ட முடியாது. சேவலுன்னு நேந்ததால குடுக்க முடியாது. நான் என்ன செய்ய, தம்பி? வச்சுக்கிட்டு இருக்கேன். முட்டைய மட்டும் என்ன செய்யன்னு தெரியாம தின்னுக்கிட்டு இருக்கோம்."

மாயாண்டி லயத்தின் கடைசி வீடு வரை போனான். கூடையில், சாக்கில், அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில், நேந்துவிட்ட சேவல்கள் கண்ணை மூடிக்கொண்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் அவனுக்கு மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருத்தியும் கோழியைக் கொடுக்கவில்லை. உண்மையாகவே சேவலாகப் போனவையும் சில இருந்தன. அவற்றைக் காட்டி, மாயாண்டி சொன்னால் சொன்னதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை ஆபீஸ் வராந்தாவில் கிராணி, கங்காணி, மாயாண்டி மூன்று பேரும் நின்றார்கள். கிராணி தியாகராஜாவுக்கு வியர்த்திருந்தது.

"எத்தனை கூவுது?"

"கூவுறது கொஞ்சம்தான் ஐயா. மத்தது இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு."

"வெட்டிரலாம் ஐயா. திருவிழாவுக்கும் ஆச்சு" என்றான் கங்காணி.

"துரை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து கைத்தடியால எண்ணிறவர். குறைஞ்சால் களவு எண்டு பொலிசைக் கூப்பிடுவார்."

"மூசாங் தூக்கிருச்சுன்னு சொல்லலாமே. காட்டுல அந்த மரநாய்க்கா பஞ்சம்?"

"பூட்டின கொட்டில் எண்டு துரையிட்ட நானே சொல்லிப்போட்டன். மூசாங் பூட்டுக்குத் திறப்பு வச்சிருக்கோ?" கிராணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பாரும் சின்னையா, லயத்தில இருக்கிற பேடுகளை வாங்கி மாத்தி விடும்."

"எந்தப் பெட்டைங்க ஐயா? லயத்துல இருக்கிறது பூரா சேவலு." கங்காணி கண் இமைக்காமல் சொன்னான். அவன் வீட்டில் மட்டும் தினமும் ஒரு சட்டி முட்டை சேர்வதை அவன் பெண்டாட்டி கிணற்றடியில் பீற்றிக்கொள்வாள். "ஐயாவே புத்தகத்தப் பாத்துத்தானே அன்னைக்குச் சொன்னீங்க."

கிராணி பங்களாப் பக்கம் பார்த்தார். துரையிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு அதை அவரே அடக்கிக்கொண்டார். "துரை கிளப்பில சொல்லிப்போட்டார்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. துரை கிளப்பில் சொன்னது தப்பாகிவிட்டால், தப்பு துரையோடு நிற்காது. துரையிலிருந்து கிராணி, கிராணியிலிருந்து கங்காணி என்று படியிறங்கி வரும். கடைசிப் படியில் புண் காலோடு ஒருவன் நின்றான். மூன்று பேருக்கும் அது ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டு பேர் மூன்றாமவனைப் பார்த்தார்கள்.

"அப்ப நீ சொன்னதுதானே எல்லாம்" என்றார் கிராணி. "துரைசானி வாரதுக்கு முந்தி நீ கப்பல் ஏறினால், பிறகு கூவினாலும் நீ சொன்ன பிழை எண்டு போகும்."

மாயாண்டியின் கண்முன் மூன்று மச்சான்மார் வரிசையாக வந்து நின்றார்கள். நடுவில் இருந்தவன் கையில் ஏதோ வைத்திருந்தான். வாயிலிருந்து தானாகச் சொல் வந்தது.

"கழுத்த நீட்டாம சேவல் கூவாது ஐயா."

"என்ன?"

"மேல எழும்பி, கழுத்த நீட்டினாத்தான் சத்தம் வரும். தலைக்கு மேல பலக இடிச்சா வராது. கூவப் பாக்கும், முடியாம விட்டுரும். கொட்டாய்க்குள்ள கூரைய எறக்கிட்டாப் போதும்."

கங்காணி அவனைப் புதிதாகப் பார்த்தான். கிராணி சஞ்சிகையைத் தேடவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய், கூவுகிற பெட்டைகளில் ஒன்றைப் பிடித்துத் தாழ்வான பெட்டிக்குள் அடைத்து, விடியற்காலையில் காது கொடுத்துக் கேட்டார்கள். உள்ளே தலை பலகையில் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையில் ஒரு முனகல். பிறகு ஒன்றும் இல்லை. மாயாண்டி வாழ்க்கையில் கோழியைப் பற்றிச் சொன்னவற்றில் முழுக்கச் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

சீனத் தச்சன் ஒருவனைக் கூப்பிட்டுப் பலகை அடித்தார்கள். கோழிகள் இரவில் உட்காரும் பரணுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடம். பரணுக்குக் கீழே, ஓர் ஆள் குந்தி உட்காரலாம், படுக்கலாம். நிமிர முடியாது. முதல் நாளே ஒரு கோளாறு தெரிந்தது. பெட்டைகளில் புத்திசாலிகள் விடியற்காலையில் பரணிலிருந்து குதித்து, கீழே வந்து நின்று கழுத்தை நீட்டின.

"குதிக்கிறதைப் பிடிச்சுத் திரும்ப மேல வைக்க ஆள் வேணும்" என்றார் கிராணி. "ராத்திரி முழுக்க உள்ள."

யார் என்று யாரும் கேட்கவில்லை.

"உக்காந்த வேலதானே கேட்ட" என்றான் கங்காணி.

துரைசானி வந்த மோட்டார் ஈப்போ ஸ்டேஷனிலிருந்து பங்களா மேட்டில் ஏறிய அன்று, பொழுது சாயும்போதே மாயாண்டி கொட்டகைக் கதவுக்கு முன் நின்றான். கையில் ஒரு சாக்கு, விரித்துப் படுக்க. இருளாயி தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தாள். கிராணி பூட்டும் சாவியுமாக வந்தார். அவருக்குப் பின்னால் பங்களாத் தோட்டக்காரன் ஒரு மூடிய கூடையைத் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனான். கூடைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம்.

"என்னங்கய்யா இது?"

"பத்து காஜாத் துரை அனுப்பினது. கிளப்பில கேள்விப்பட்டவராம். நாளைக்குக் காலமை ஆள் வரும். அதுக்குள்ள சேவல் எது பேடு எது எண்டு பார்த்துப் பிரிச்சு வை."

மாயாண்டி கூடையைப் பார்த்தான். கூடைக்குள் எல்லாம் ஒரே மஞ்சள். இருளாயி பக்கம் திரும்பினான். அவள் ஏற்கெனவே குனிந்து மெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து ஒரு முடியையும் பிடுங்கி, இரண்டையும் சேர்த்து அவன் கையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் பெட்டைன்னு சொல்லிராத. அந்தத் துரைக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா."

"நான் எங்க புள்ள சொல்றேன். மெட்டி சொல்லுது."

"ஆமா. உள்ள போ, மெட்டி கூப்பிடுது."

அவன் குனிந்தான். வாசலும் பலகையும் அந்த உயரத்தில்தான் இருந்தன. பாதி உள்ளே போனவன் தலையைத் திருப்பினான்.

"ஐயா, பூட்டணுமா? நான்தான் உள்ள இருக்கேனே. மூசாங் வந்தா வெரட்டிருவேன்."

"துரை காலமையும் பின்னேரமும் பூட்டைப் பார்க்கிறவர்" என்றார் கிராணி. "பூட்டு இல்லாட்டி என்ன எண்டு கேப்பார். பிறகு எல்லாம் சொல்லவேணும்."

அது நியாயம்தான் என்று மாயாண்டிக்குத் தோன்றியது. கூடையையும் சோற்றுச் சட்டியையும் முன்னால் தள்ளிக்கொண்டு தவழ்ந்து போனான். பரணில் வெள்ளைகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. கொண்டைகள் பலகையில் மடங்கிக் கிடந்தன. அவன் தன் சாக்கை விரித்து உட்கார்ந்து, நிமிரப் பார்த்தான். பரண் பலகை தலையில் இடித்தது. கழுத்தை மடக்கி, மோவாயை நெஞ்சில் வைத்துக்கொண்டான். அப்படி இருந்தால் வலிக்கவில்லை. கப்பல் இல்லை. மச்சான்மார் இல்லை. சோறு சூடாக இருந்தது.

"பயமா இருக்காய்யா?" என்று வெளியிலிருந்து இருளாயியின் குரல் கேட்டது. கேட்ட விதத்தில் சிரிப்பு இருந்தது.

"எனக்கென்ன பயம்."

"அதானே. கிராணி ஐயா துரைகிட்ட சொல்லி வச்ச கணக்குல, உள்ள இருக்கிறதுல ஆம்பள நீ ஒருத்தன்தானே."

மாயாண்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கழுத்து மடங்கி இருந்ததால் சொல் சரியாக வரவில்லை. கிராணி கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டார், சாவியைத் திருப்பினார், பூட்டு விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பங்களாப் பக்கம் நடந்தார்.